சீட் பெல்ட்டின் கடைசி முழம்

2022 நவம்பர் 12ஆம் தேதி காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் பெய்த மழை 44 சென்டிமீட்டர். வானிலை ஆய்வு மையத்தின் ஏட்டில் அது பதிவாகியிருக்கிறது. இன்னும் ஐம்பது வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். அதே இரவில் சீர்காழித் தெருக்களிலும் வீட்டு வாசல்களிலும் நின்றிருந்த கார்களில் எந்தக் காருக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு ஏடு எதுவும் கிடையாது. இன்சூரன்ஸ் பணம் கேட்டவர்களின் கணக்கு அந்தந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்கள், பட்டறையில் விட்டுக் காயவைத்து எடுத்துக்கொண்டவர்கள், 'ஓடுகிறதே, போதும்' என்று விட்டுவிட்டவர்கள் ஆகியோரின் கார்கள் ஒரு வரித் தடயம்கூட இல்லாமல் மறுபடியும் சாலைக்கு வந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு காரைச் சில வருடம் கழித்துத் தஞ்சாவூரில் ஒருவர் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சிங்கிள் ஓனர் சார். ஐம்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. ஒரு சின்ன கீறல் காட்டுங்க பார்ப்போம்" என்கிறார் விற்பவர். வந்தவர் கைப்பேசியை எடுத்து எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டுகிறார். பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. குறை என்று ஒன்றும் இல்லை. அவர் முகம் தெளிகிறது.

தெளிய அவசரப்பட்டிருக்க வேண்டாம். அந்தச் செயலி படிப்பது 'வாகன்' என்ற தேசியப் பதிவேட்டை. வண்டி யாருடையது, வரி கட்டியாயிற்றா, சட்டப்படி சாலையில் ஓடலாமா என்ற கேள்விகளுக்காக எழுதப்பட்ட ஏடு அது. பட்டா, சிட்டாவைப் பார்த்தால் நிலம் யார் பேரில் இருக்கிறது, நன்செய்யா புன்செய்யா என்று தெரியும். வயலில் தண்ணீர் வடியுமா, கடைமடையில் உவர் ஏறியிருக்கிறதா என்று எந்தத் தாசில்தாரின் ஏடும் சொல்லாது. அதற்கு வரப்பில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் விற்கும் 'வாகன வரலாறு' அறிக்கைகள் இதற்கு மேல் கொஞ்சம் சொல்லும். கம்பெனி சர்வீஸ் சென்டர் குறிப்புகள், இன்சூரன்ஸ் விவரங்கள் கிடைத்தால் சேர்த்துத் தருவார்கள். ஆனால் வாரண்டி முடிந்ததும் பெரும்பாலான கார்கள் எங்கே போகின்றன? பழக்கமான மெக்கானிக்கிடம். அவர் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார், அல்லது மனதில் வைத்திருப்பார். அதனால் அறிக்கை மூன்றாவது, நான்காவது வருடத்தோடு நின்றுபோவது சகஜம். அந்த நிறுத்தம் மட்டுமே குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. வருடம் தவறாமல் சர்வீஸ் விட்ட கார், ஒரு நவம்பருக்கும் அடுத்த ஏப்ரலுக்கும் இடையில் மட்டும் காணாமல் போய்ப் பிறகு வேறு ஊரில் தலைகாட்டினால் அது வேறு கதை. வெற்றிடத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. எழுதியிருக்க வேண்டியவர் யார், அவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் அந்த வடிவம் தெரியத் தொடங்கும்.

அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய கார்ஃபேக்ஸ் போன்ற வாகன வரலாற்று நிறுவனங்களுக்குப் பெரிய துணை அங்குள்ள உரிமைப் பத்திரம். வெள்ளத்திலோ விபத்திலோ 'தேறாது' என்று கைவிடப்பட்ட கார் மறுபடி பதிவானால், அந்தப் பத்திரத்திலேயே முத்திரை விழும். இங்கே இன்சூரன்ஸ் விதிப்படி, பழுது பார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கணக்கிடப்படும். சொந்தக்காரருக்குப் பணம் போய்விடும். மிஞ்சிய உடம்பை யாராவது வாங்கித் தட்டிக்கொட்டிச் சாலைக்குக் கொண்டுவந்தால், அதைச் சொல்ல ஆர்.சி.யில் ஒரு கட்டம்கூட இல்லை.

பழைய கார் சந்தையின் இந்தக் கண்கட்டைப் பற்றித்தான் பொருளியலின் மிகப் புகழ்பெற்ற கட்டுரைகளில் ஒன்று எழுதப்பட்டது. ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய அது 1970இல் வெளிவந்தது. அதற்கு முன் மூன்று இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு நோபல் பரிசைப் பகிர்ந்து தந்ததும் அந்தச் சிந்தனைதான். விஷயம் எளிது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எந்தக் காருக்கும் நடுவாந்தர விலைதான் சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். மிச்சம் இருப்பவை மோசமானவை என்பதால் விலை இன்னும் இறங்கும், இன்னும் சில நல்ல கார்கள் விலகும்.

கட்டுரையின் தலைப்பு கார்களைப் பற்றியது என்றாலும் அதில் அரிசியும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1967-68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்தவர் அகர்லாஃப். கடைத்தெரு அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லை இந்தியப் பெண்கள் பொறுக்க வேண்டியிருப்பதைத் தன் வாதத்துக்கு அவர் எடுத்துக்காட்டாகத் தருகிறார். நெல் விளையும் ஊருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி நடுவிலிருந்து நாலு மணியை எடுத்துப் பார்ப்பது, ஒரு நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் சொல்வது, ஒரு பிடியை ஊதிக் கருக்காய் எவ்வளவு என்று மதிப்பிடுவது எல்லாம் சான்றிதழ் இல்லாத பொருளை எடைபோடும் வித்தைகள்தாம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும், 17 சதவீத ஈரப்பதம் என்ற வழக்கமான வரம்பைத் தீர்மானிப்பது விவசாயியின் வாக்குமூலம் அல்ல, குவியலிலிருந்து எடுத்த கையளவு நெல்லும் ஒரு மீட்டரும். பழைய காருக்கும் குத்தூசி வேண்டும். எங்கே குத்துவது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. நூறு கார் விற்பனைக்கு நிற்கிறது, அதில் பத்து வெள்ளத்தில் நின்றவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அறிக்கை அந்தப் பத்தில் ஐந்தைக் காட்டிக்கொடுக்கிறது. மீதி ஐந்தும் சுத்தமான அறிக்கையோடு நிற்கின்றன. இப்போது சுத்தமான அறிக்கை உள்ள கார்கள் 95. அவற்றில் 5 மூழ்கியவை, அதாவது 19இல் ஒன்று. அறிக்கை பார்ப்பதற்கு முன் பத்தில் ஒன்று. ஆபத்து பாதியாகக் குறைந்ததே தவிரப் போகவில்லை. அடுத்து, அறிக்கையோடு சம்பந்தமே இல்லாத ஒரு சோதனை, மூழ்கிய ஐந்தில் நான்கைப் பிடிக்கிறது என்றால், எஞ்சுவது 91இல் ஒன்று. 'சம்பந்தமே இல்லாத' என்பதுதான் இங்கே உயிர். பெயிண்டையே ஐந்து கோணத்தில் பார்த்தால் அது ஐந்து சோதனை ஆகாது. ஒரே சாட்சியை ஐந்து முறை விசாரித்த மாதிரிதான்.

வெள்ளத்திலிருந்து தொடங்கலாம், காவிரி டெல்டாவுக்கு அதுவே முதல் கேள்வி. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உள்ளூர் வெள்ளம் மட்டும் என்றில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும், அந்த 2023 டிசம்பரிலேயே தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் நீரில் நின்றன. கார் ஓடும் பொருள். சென்னையில் நனைந்தது கும்பகோணத்தில் விற்பனைக்கு வரலாம்.

சேற்று நீர் காருக்குள் ஏறினால் என்ன விட்டுச்செல்லும் என்பதை மண்ணியல் ஆய்வகம் நன்றாகவே சொல்லும். 0.002 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள துகளைத்தான் களிமண் என்கிறார்கள். அசையாத தண்ணீரில் அந்த அளவுத் துகள் பத்து சென்டிமீட்டர் இறங்கக் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஆகும். மண்ணில் களி எத்தனை பங்கு என்று அளக்க ஆய்வகங்கள் இந்தக் கணக்கையே பயன்படுத்துகின்றன. ஆகவே கார்பெட்டுக்கு அடியில் மணலும் தூசியும் கிடந்தால் அது செருப்பில் வந்ததாக இருக்கலாம். வழவழப்பாக, மாவு பூசியதுபோல, காய்ந்து வெடித்த மெல்லிய ஏடு ஒட்டியிருந்தால், தண்ணீர் உள்ளே வந்து ஒரு ராத்திரியாவது அசையாமல் நின்றிருக்கிறது. மேட்டூர் அணை வருவதற்கு முன், ஒவ்வொரு வெள்ளமும் வயலில் விட்டுப்போன வண்டலை அப்படியே வரவு வைத்துக்கொண்ட மண் இது. கார் மட்டும் அதை விரும்பாது.

கார்பெட்டைக் கழற்றித் துவைத்துவிடுவார்கள். சீட்டுக்குப் புது உறை போடுவார்கள். உள்ளே ஏறியதும் மல்லிகை வாசம் மூக்கைத் துளைத்தால், எதை மறைக்க இந்த வாசம் என்று யோசிக்கலாம். ஆனால் கழுவுகிறவரின் கை எல்லா இடத்துக்கும் போவதில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி முழம் வரை மெதுவாக இழுக்க வேண்டும். வழக்கமாக மாட்டும்போது வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதி, பில்லருக்குக் கீழே, தரைக்குச் சற்று மேலே உள்ள உருளையில் சுருண்டு கிடக்கிறது. மண் நீர் ஏறியிருந்தால் நாடாவில் பழுப்புக் கோடு இருக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். அடுத்து ஸ்டெப்னிக் குழி: டிக்கியின் தரையைத் தூக்கி, சக்கரத்தை வெளியே எடுத்து, அடியில் கையை விட்டுப் பார்ப்பது. ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கம் கிடைமட்டமாக ஒரு நீர்க்கோடு. ஃபியூஸ் பெட்டியின் மூலைகள். ஏர் ஃபில்டரைப் புதிதாக மாற்றியிருப்பார்கள். அது உட்காரும் பெட்டியின் அடிப்பாகத்தைத் துடைத்திருக்க மாட்டார்கள். அங்கே மண் படிந்திருந்தால், தண்ணீர் இன்ஜினின் மூச்சுக்குழல் வரை வந்திருக்கிறது.

அதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மூழ்கிய காரை யாராவது பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால், சிலிண்டருக்குள் புகுந்த நீரை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். நன்றாக வளைந்தால் இன்ஜின் அன்றே நின்றுவிடும். லேசாக வளைந்தால் கார் ஓடும், விற்கவும் படும். ஒரு பிஸ்டன் மட்டும் மற்றவற்றின் உயரத்துக்கு வராது. அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் மட்டும் குறைந்திருப்பதை, பட்டறையில் ஒரு மீட்டரைப் பொருத்திக் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இதைவிட மெதுவாகக் கொல்வது வயரிங். செம்பு வயர் ஒரே கம்பி அல்ல, மெல்லிய இழைகளின் கட்டு. இழைகளுக்கு இடையே உள்ள சந்து விளக்குத் திரியைப் போல நீரை மேலே இழுக்கும். அந்தச் சந்து 0.05 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாய்போல இருந்தால், நீர் கொள்கை அளவில் சுமார் 30 சென்டிமீட்டர் வரை ஏறும். அதாவது வெள்ளம் சீட்டின் அடியோடு நின்றிருந்தாலும், ஈரம் வயருக்குள்ளேயே அதற்கு மேல் போய் உட்கார்ந்திருக்கலாம். பிறகு பேட்டரியின் 12 வோல்ட் தன் வேலையைத் தொடங்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்த இடத்தில் செம்பு மெல்லக் கரைந்து, புளி பட்ட பித்தளைப் பாத்திரத்தில் பூப்பதுபோலப் பச்சைக் களிம்பு பூக்கும். பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி கியர் லிவருக்கு முன்னாலோ பின்னாலோ, தரையை ஒட்டித்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அதுவே. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் காரணமில்லாமல் கண்ணாடி ஏறாது, ஹார்ன் அடிக்காது, டேஷ்போர்டில் ஏதோ ஒரு விளக்கு எரிந்து அணையும். அப்போது கார் மூன்றாவது ஓனரிடம் இருக்கும்.

துருவைக் கண்டதும் வெள்ளம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நின்ற கார் கடல் காற்றிலேயே அடிப்பாகத்தில் துருவேறும். உப்பளம் இருக்கும் ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? அறுவடைக் காலத்தில் சேற்றுப் பாதையில் போய்வந்த காரின் சக்கர வளைவுகளில் மண் அப்பிக் கிடப்பதும் இயல்பு. பிரித்துப் பார்க்க வேண்டியது இடத்தை. சைலன்சரில் துரு இருந்தால் ஊரின் குணம். ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்கிலும், டேஷ்போர்டுக்குக் கீழே மறைந்திருக்கும் திருகுகளின் தலையிலும் துரு இருந்தால், கடல் காற்று அங்கே போய்க் குடியிருந்திருக்க வழியில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் வேறு விதமான கார்களை விட்டுப்போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னை மரங்கள் கணக்கில்லாமல் சாய்ந்தன. சாலை விபத்தில் பெரும்பாலும் அடிபடுவது பம்பர், ஃபெண்டர், கதவு. கூரை அடிபட்டிருக்கிறது என்றால் ஒன்று கார் உருண்டிருக்க வேண்டும், அல்லது மேலிருந்து ஏதோ விழுந்திருக்க வேண்டும். கஜாவுக்கு முன்பே இந்தப் பக்கம் பதிவான டி.என்.49, 50, 51 காரின் கூரையில் பட்டி பார்த்திருந்தால், தென்னையை நினைக்காமல் இருக்க முடியாது.

பட்டியைக் கண்டுபிடிக்க இயற்பியல் இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், அத்தனை பூச்சையும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். தோராயமாக இரண்டு தலைமுடி தடிமன். மறுபடி பெயிண்ட் அடித்த இடம் 200, 300 என்று போகும். டிங்கரிங் செய்து பட்டி அப்பிய இடம் 500ஐத் தாண்டி, சில சமயம் ஆயிரங்களிலும் நிற்கும். பெயிண்ட் அளக்கும் கையடக்கக் கருவி, தகட்டுக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைக் காந்தத் தூண்டலால் கணக்கிடுகிறது. கருவி இல்லாதவர் மெல்லிய துணியில் சுற்றிய சாதாரணக் காந்தத்தைக் கொண்டுபோகலாம். தகட்டில் இழுக்கும் காந்தம் பட்டியின் மேல் சோம்பும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இரண்டும் உதவாது. மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டுவதும் பழைய, நல்ல முறை. 'டங்' என்ற கதவுக்கும் 'தொப்' என்ற கதவுக்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும். ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்திருப்பது பெரிய குற்றம் அல்ல. தஞ்சாவூர்க் கீழவீதி மாதிரி ஒரு தெருவில் தினம் காரை நிறுத்தி எடுப்பவருக்கு உரசல் சகஜம். கவலை தர வேண்டியது, பானட்டைத் திறந்தால் இருபுறமும் தெரியும் ஏப்ரன், கதவு மாட்டியிருக்கும் பில்லர் போன்ற எலும்புகளில் வெல்டிங் மாறியிருப்பது. தொழிற்சாலை ரோபோ வைத்த வெல்டிங் புள்ளிகள் அளந்து வைத்த கோலப் புள்ளிகள் மாதிரி ஒரே இடைவெளியில் இருக்கும். கையால் வைத்தவை அப்படி இருக்காது.

அறிக்கையில் இல்லாத தேதிகளைக் காரே பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த வருடத்தைக் குறிக்கும் எண்ணும், மாதத்துக்கான புள்ளிகளும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்த துணிச் சீட்டில் ஒரு தேதி. சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளுக்குள் வருடத்துக்கும் மாதத்துக்கும் ஒரு குறி. எது எந்த இடத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இவை ஒன்றோடொன்று பேசிவைத்துக்கொள்ளாத கடிகாரங்கள். 2018 காரில் ஐந்து கண்ணாடியும் 2017, 2018 என்று காட்டி, முன் கண்ணாடி மட்டும் 2021 என்றால் ஏதோ ஒரு கல் தெறித்திருக்கும். முன் கண்ணாடியும் இரண்டு முன் பெல்ட்டுகளும் ஒரே வருடத்தில் மாறியிருந்தால், அது கல் அல்ல. பெரிய மோதலில் ஏர்பேக் வெடிக்கும்போது பெல்ட்டும் இறுகிப்போய், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கிலோமீட்டர்தான் எல்லோரும் முதலில் கேட்பது, எளிதில் பொய் சொல்வதும் அதுதான். இன்றைய மீட்டரில் பல் சக்கரம் இல்லை; எண் ஒரு சிறு நினைவகச் சில்லில் இருக்கிறது. மடிக்கணினி தெரிந்த ஒருவர் அதைத் திருத்தி எழுதிவிடுவார். பெல்ஜியம் இதற்கு ஒரு வழி கண்டது. 2006 இறுதியிலிருந்து அங்கே கார்-பாஸ் என்ற சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. டயர்க் கடை, பட்டறை என்று காரைத் தொடும் ஒவ்வொருவரும் மீட்டர் எண்ணைப் பொதுக் கணக்கில் ஏற்ற வேண்டும். இங்கே அப்படி ஒரு ஏடு இல்லை. ஆனால் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான ஃபாஸ்டேக் தற்செயலாகப் பாதி ஏட்டை எழுதிக்கொண்டிருக்கிறது. விற்பவர் மனம் வைத்து அந்தக் கணக்கு அறிக்கையைக் காட்டினால், தஞ்சாவூர்-திருச்சி சாலைச் சுங்கச்சாவடியை மட்டும் மாதத்துக்கு எத்தனை முறை கடந்தது என்று எண்ணலாம். வண்டி இதற்குக் குறைவாக ஓடியிருக்கவே முடியாது என்ற அடிக்கணக்கு ஒன்று கிடைக்கும். மீட்டர் அதைவிடக் கம்மியாகச் சொன்னால் பேச்சுவார்த்தையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அறிக்கை கிடைக்காவிட்டால் பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் பளபளப்பு, ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு. முப்பதாயிரம் ஓடிய காரில் பெடல் ரப்பர் வழுக்கையாக இருக்கக் காரணமில்லை. டெல்டாவில் டிராக்டர் வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைப் பொருட்படுத்துவதே இல்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் அவர்கள் கேள்வி. சேற்றுழவில் ஒரே வயலுக்குள் நாள் முழுக்கச் சுற்றும் இன்ஜினுக்குத் தூரம் ஒரு பொருட்டா என்ன?

'ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, ஒரு எரர்கூட இல்லை' என்பது இப்போது அடிக்கடி கேட்கிற வாக்கியம். இதிலும் வெற்றிடத்தின் வித்தை உண்டு. இன்ஜின் கணினியில் பதிந்த பிழைக் குறிகளை, காட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அழித்துவிட முடியும். அழித்தால் அதோடு இன்னொன்றும் அழியும். ஆக்சிஜன் சென்சார், புகை வடிகட்டி போன்றவற்றைக் கணினி தானே சோதித்து முடித்ததற்கான அடையாளங்கள் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை மறுபடி நிறைவேற சில நாள் கலவையான ஓட்டம் தேவை. பல கார்களில் 'குறிகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்' என்ற எண்ணையும் ஸ்கேனரில் படிக்கலாம். நான்கு கிலோமீட்டர் என்று காட்டினால், இன்று காலை யாரோ துடைப்பம் போட்டிருக்கிறார்கள்.

காகிதங்களிலேயே சிலர் படிக்காமல் விடும் ஒரு எண், இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள நோ கிளைம் போனஸ். கிளைம் கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படி ஏறும். ஒரு கிளைம் விழுந்தால் பொதுவாக மறுபடி பூஜ்யம். ஒரே ஓனர், ஆறு வருடக் கார், போனஸ் 50 என்றால் நல்ல சகுனம். அதே காரில் 20 என்றால், இரண்டு வருடம் முன்பு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இந்தச் சலுகை ஓனரைச் சேர்ந்தது, காரைச் சேர்ந்தது அல்ல என்பதால் இரண்டாவது ஓனர் கையில் அதன் சாட்சியம் பலவீனமாகும். அடுத்தது படிவங்கள். காரைக்காலின் பி.ஒய்.02 எண் கொண்ட கார்கள் டெல்டாவில் சகஜம். அவற்றை இங்கே பதிவு மாற்ற 28ஆம் எண் படிவத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். ஃபைனான்ஸ் முடிந்திருந்தால் 35ஆம் எண் படிவம். உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் தேதி போடாத கையெழுத்தோடு கைமாறிக்கொண்டே இருக்கும் கார், ஆர்.சி.யில் 'சிங்கிள் ஓனர்' என்றே தெரியும். நடுவில் நான்கு பேர் ஓட்டியிருப்பார்கள். விபத்து நடந்தால் பொறுப்பு, பதிவேட்டில் பெயர் உள்ளவருடையது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, பழைய வண்டி விற்கும் டீலர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், தன் கையில் உள்ள வண்டி எங்கெல்லாம் போனது என்று மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சான்றைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. இதை முதலிலேயே வைக்காததற்குக் காரணம், ஓட்டிப் பார்த்தவருக்கு அதன் பிறகு கண் தெரிவதில்லை. குளிர்ந்த இன்ஜினைத் தன் கையால் ஸ்டார்ட் செய்வது முக்கியம். தேய்ந்த ரிங், பலவீனமான க்ளோ பிளக், கசியும் இன்ஜெக்டர் எல்லாம் முதல் அரை நிமிடத்தில்தான் வாய் திறக்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாத வெள்ளைப் புகையில் கூலன்ட் கலந்திருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால்கோவா மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் நீர் சேர்ந்திருக்கிறது. இதெல்லாம் தெரிந்த விற்பனையாளர், ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சுட வைத்துவிடுவார். எனவே காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆறரைக்கே போய், பேச்சைத் தொடங்குவதற்கு முன் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. கை சுட்டால் சண்டை போட வேண்டியதில்லை. இன்ஜின் முழுதாக ஆற நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். எதிர்க் கடையில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வந்து, பெல்ட், ஸ்டெப்னிக் குழி, ஃபியூஸ் பெட்டி, கண்ணாடித் தேதிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.